ரத்தம் வருகிறதா என்று கேட்டார்கள்

மார்ச் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அண்ணியும் மகளும் நலம். என் கதையைக் கீழே எழுதுகிறேன்.

போன வாரம் நீ போன் செய்தபோது, "என்னண்ணா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாய். சளி என்று சொல்லி வைத்துவிட்டேன். சளி இல்லை, குரல் போய்விட்டது. பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து இத்தனை வருடம் கத்தியதில் தொண்டை தேய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு நாள் காலை "ஆறாவது நடைமேடையில்" என்று ஆரம்பித்தேன். வெறும் காற்றுதான் வந்தது. மைக் கெட்டுவிட்டது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவன் ஏணியோடு வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "மைக்கு நல்லாத்தாண்ணே இருக்கு. ஆளுதான் ரிப்பேர்" என்றான்.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். இடது பக்கக் குரல் நாண் அசையவில்லையாம். அதற்குப் போகும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி வளைந்து மேலே வருகிறதாம். நடுவில் எதுவோ அதை அமுக்குகிறதாம். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள்.

நீ தினமும் ஆய்வகத்தில் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்ப்பாயே, அந்தப் புற்றுதான் சுண்டு. இடது நுரையீரல். சிகரெட்டை நான் விட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. அது என்னை விடவில்லை போலிருக்கிறது.

போனில் இனிமேல் என்னால் பேச முடியாது. எழுதுகிறேன். நீயும் எழுது. உன்னிடம் தைரியம் மிச்சம் இருந்தால் கொஞ்சம் சேர்த்து அனுப்பு.

உன் அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமா என்றுகூட நீ கேட்கவில்லை. நலமாக இல்லை. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பில் எந்த உயிரணுவை எடுத்தாலும் மரபணுக்கள் ஒன்றேதான். ஆனால் எல்லா மரபணுவும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு அணுவும் தனக்கு வேண்டியதை மட்டும் எழுப்பிக்கொள்ளும், மற்றவை உறங்கும். கட்டி பெரிதாகும்போது நடுவில் இருக்கும் அணுக்களுக்கு ரத்தம் போய்ச் சேராது. அவற்றுக்கு மூச்சு முட்டும். அப்போது அவை ஒரு மரபணுவை எழுப்பும். அதிலிருந்து ஒரு புரதம் உண்டாகி வெளியே கசியும். பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாய் அதை உணர்ந்து, கிளை விட்டு, கட்டியை நோக்கி வளரும். அந்த ரத்தத்தைக் குடித்துக் கட்டி இன்னும் பெருக்கும். யாருடைய கட்டியில் அந்த மரபணு எவ்வளவு விழித்திருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை.

அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து ஒன்று இருக்கிறது. வழக்கமான மருந்தோடு சேர்த்து நரம்பில் ஏற்றுவார்கள். அந்த மரபணு அதிகம் விழித்திருப்பவர்களுக்கு அது கூடுதலாகப் பலன் தருமா என்று நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேள்.

கேட்கப் போகும் முன் ஒன்று. இருமும்போது ரத்தம் வருகிறதா என்று கேட்பார்கள். வருகிறவர்களுக்கு அதைத் தர மாட்டார்கள். கட்டி கரையும்போது ஒட்டியிருக்கும் பெரிய குழாய் உடைந்துவிடக் கூடும். நீ அப்படி எதுவும் எழுதவில்லை, உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை என்பதே ஒரு நிம்மதி.

அண்ணியைச் சாப்பிடச் சொல். நீ படுத்தால் அவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சுண்டு


ஏப்ரல் 12

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கைப்பட எழுதிய பாடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாதது இப்போது நெஞ்சிலேயே ஏறி உட்கார்ந்திருப்பதால் சுலபமாகப் புரிந்தது. நீயாவது வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என் சதைத் துண்டையும் சோதித்தார்கள். நீ சொன்ன அந்த மரபணு எனக்கு நன்றாக விழித்துக்கொண்டு இருக்கிறதாம். நான் வெளியே கூப்பிட்டது போதாதென்று உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து ரத்தத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். டாக்டர் சின்ன வயதுக்காரர். உன்னைப் பற்றிச் சொன்னதும், "உங்க தங்கச்சி இந்த ஆராய்ச்சியிலயா இருக்காங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மருந்தையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். நிறையக் கேள்வி கேட்டார். ரத்தம் வருகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மருந்து ஏற்றும் அறை ஜன்னல் ஓரமாக நல்ல வெளிச்சமாக இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர். அவருக்குக் காது மந்தம், எனக்குக் குரல் இல்லை. நாங்கள் பேசுவதைப் பார்த்து நர்ஸ் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்.

நிலையத்தில் என்னைத் தொலைந்த சாமான்கள் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே வேலை குடைகளோடுதான், குடையிடம் பேச வேண்டியதில்லை. மைக்கில் ஒரு புதுப் பையன். எந்தப் பேருந்தையும் துக்கம் சொல்கிற மாதிரியே அறிவிக்கிறான்.

மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். அதுவரை இருந்தால் போதும். அதற்கு மேல் பேராசை இல்லை.

அண்ணன்


மே 29

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். கடிதம் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வீட்டில் போன் பேசினால் அவர் காதில் விழும். அதனால் தையல் கடையில் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன்.

நல்ல செய்திதான். ஸ்கேனில் கட்டி பாதிக்குப் பாதி சுருங்கியிருக்கிறதாம். டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கட்டிக்கு நடுவில் பொந்து மாதிரி இருக்கிறது. அது மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்றார். உன் அண்ணன் அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தார்.

இன்னொன்று. கேட்டால் சிரிப்பாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷர், இப்போது தன் கைக்குட்டையைத் தானே துவைக்கிறார். என்னைத் தொட விடுவதில்லை. விடிந்ததும் முதல் வேலையாகக் குழாயடியில் உட்கார்ந்து கசக்கிப் பிழிந்து, தானே கொடியில் போடுகிறார். இருந்த வெள்ளைக் கைக்குட்டைகளை என்ன செய்தார் என்று தெரியவில்லை. எங்கள் கடையிலிருந்தே கருஞ்சிவப்புத் துணி வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஓரம் அடித்துக் கொடுத்தேன். தலையணை உறையும் அதே நிறத்தில் கேட்டார். அந்த மருந்தை ஏற்றினால் மனுஷருக்குச் சுத்தம் வந்துவிடுமா? உனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கட்டி சுருங்கியதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

ஏப்ரலில் நீ எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். ரத்தம் வருகிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன் என்று எழுதிவிட்டு, மூச்சு விடாமல் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தாவிவிட்டாய். உனக்கு எதையாவது மறைக்க வேண்டும் என்றால் உடனே வேறு கதை சொல்ல ஆரம்பிப்பாய். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

ரத்தம் வருகிறதா அண்ணா? ஒரு வரி போதும்.

சுண்டு


ஜூலை 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. இங்கே மழை இல்லை, ஆனாலும் குடைகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. யாரோ ஒரு முழுப் பல்செட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதுவரை தேடி வரவில்லை. எப்படிச் சாப்பிடுகிறார்களோ.

பார், நீ சொன்ன மாதிரியே செய்கிறேன்.

வருகிறது. மருந்து ஆரம்பிக்கும் முன்னாலிருந்தே வருகிறது. அப்போது கீறல் மாதிரி இருந்தது. இப்போது காலையில் கொஞ்சம் கூடுதல். ஸ்பூன் அளவு இருக்கும் என்று வைத்துக்கொள். அதற்கு மேல் இல்லை.

நீதானே எழுதினாய், வருகிறவர்களுக்குத் தர மாட்டார்கள் என்று? அதைப் படித்த பிறகு நான் வேறு என்ன சொல்லியிருப்பேன்? கிரேன்காரருக்கு அந்த மருந்து இல்லை, பழையது மட்டும்தான். போன மாதத்திலிருந்து அவர் நாற்காலி காலி. எனக்குக் கட்டி பாதியாகிவிட்டது. குரல்கூட இரண்டு வார்த்தை வருகிறது. இதை நிறுத்தச் சொல்கிறாயா?

உடைந்தால் உடையட்டும். அது என் நெஞ்சு. டாக்டரிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால், எனக்குத் தங்கை இல்லை என்று வைத்துக்கொள்வேன். மிரட்டவில்லை, கேட்கிறேன்.

அண்ணன்


ஜூலை 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

நேற்று அவர் தானே போய் உனக்குக் கடிதம் போட்டுவிட்டு வந்தார். என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

போன தடவை உனக்கு ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுதினேன். வெள்ளைக் கைக்குட்டைகளை அவர் எங்கே போட்டார் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். மருந்து ஏற்றும் அறையில் எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்களே, எனக்கும் காது இருக்கிறது. நீ படித்தவள், சொல்லாமலே புரிந்துகொள்வாய் என்றுதான் அப்படி எழுதினேன்.

நானே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சொன்னால் இந்த வீட்டில் மிச்ச நாளை அவரோடு எப்படிக் கழிப்பேன்? ஒரே கட்டில், ஒரே அடுப்பு. நான் கொடுக்கிற தண்ணீரை வாங்க மாட்டேன் என்று அவர் முகத்தைத் திருப்பினால் என்னால் தாங்க முடியாது. நீ தூரத்தில் இருக்கிறாய். அவர் கோபம் உன்னிடம் வந்து சேருவதற்குள் பாதி ஆறிவிடும். இப்படிக் கேட்பது தப்புத்தான். நீ சொல்லிவிடு. நான் சொன்னேன் என்று மட்டும் எப்போதும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

நேற்று காலை கொடியில் போட்ட கைக்குட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் சிவப்பாக இருந்தது.

அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் டாக்டரிடம் நேற்று பேசிவிட்டேன். இந்தக் கடிதம் வரும் முன்பே அவர் உன்னைக் கூப்பிட்டிருப்பார்.

படத்தில் தெரியும் அந்தப் பொந்து பெரிய குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதாம். இந்த மருந்து கட்டிக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தும், புண்ணை ஆறவும் விடாது. அது உடைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட நேரம் இருக்காது. மகள் எதிரில் நடக்கும். நீ அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய், அல்லது நினைத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பாய்.

வருகிறவர்களுக்குத் தர மாட்டார்கள் என்று எழுதியவள் நான்தான். உன்னை எச்சரிக்க எழுதிய வரி, உனக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டது. அது எனக்கு விளங்காமல் இல்லை.

யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உன் ஏப்ரல் கடிதத்தை வைத்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். கோபப்படுவதென்றால் என்மேல் மட்டும் படு.

சுண்டு


செப்டம்பர் 21

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. அவர் பிரிக்கவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கிறேன், அவர் கேட்கவில்லை.

அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். ரத்தம் நிற்பதற்காக நெஞ்சில் கதிர்வீச்சு வைத்தார்கள். நின்றுவிட்டது. இப்போது சளி வெள்ளையாக வருகிறது. வெள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று இருக்கிறது என் நிலைமை. பழைய மருந்து மட்டும் ஏற்றுகிறார்கள். போன ஸ்கேனில் கட்டி மறுபடி வளர ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் இந்தத் தடவை படத்தைத் தூக்கிக் காட்டவில்லை.

வந்திருந்த இரண்டு வார்த்தைக் குரலும் போய்விட்டது. வேலையை விட்டுவிட்டார். உன் பெயரை எடுத்தால் எழுந்து வெளியே போகிறார். மகள், "அத்தை என்னம்மா பண்ணாங்க?" என்று கேட்டாள். நான் துணியைத் தைத்துக்கொண்டே இருந்தேன்.

என் பாரத்தை உன் தலையில் ஏற்றிவிட்டேன். எழுதத் தெரியாமல் எழுதுகிறேன்.

அண்ணி


நவம்பர் 16

சுண்டு,

உன் கடிதங்களை ஒரே நாளில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். உடம்பு எப்படி என்று முதலாவதைத் தவிர ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கிறாய். மோசம். கழுத்தில் கட்டி கையில் தட்டுப்படுகிறது. படி ஏற முடியவில்லை.

நீயாகக் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறாய். ஜூனில் நீ கேட்டபோது நானும் அப்படித்தான் நம்பினேன். டாக்டர் எங்களைக் கூப்பிட்ட அன்று உன் அண்ணியும் கூட வந்தாள். அவர் வாயைத் திறக்கவே இல்லை, பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அதற்குள் இவள் அழ ஆரம்பித்துவிட்டாள். என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாதவள் எதற்கு அழ வேண்டும்? அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. கைக்குட்டைக்கு ஓரம் அடித்தவள் அவள்தானே.

அவளிடம் சண்டை போட வேண்டும் என்றுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். வாங்கிக் குடித்தேன். அவளிடம் கோபப்பட்டால் இந்த வீட்டில் எங்கே போய் உட்காருவது? உன்மேல் கோபப்படுவது வசதியாக இருந்தது. நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய் வேறு.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். நீ கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும். தெரிந்தால் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாவாள்.

லீவு கிடைத்தால் வா. கடிதத்துக்குப் பதில் கடிதம் என்று போய்க்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 10

அன்புள்ள சுண்டுவுக்கு,

நீ ஊர் திரும்பிய செய்தி கிடைத்தது. அங்கே வேலையில் உட்கார முடிகிறதா? மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். நானும் கடைக்குப் போகிறேன். நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். முதலாளியே பிரித்துக் கொடுத்தார்.

நீ வந்து கூட இருந்தது எனக்குப் பெரிய பலம். அவருக்குக் கடைசிவரை ரத்தம் வரவில்லை. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பயப்படவில்லை. அதையெல்லாம் நீயும் பார்த்தாய்.

ஆனால் மனது ஓயவில்லை. அந்த மருந்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் இருந்திருப்பாரா? நான் அந்தக் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால்? அவர் கடைசிவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெரியாமலே போனாரா, தெரிந்து கேட்காமல் போனாரா? தெரியாமல் போயிருந்தால், ஏமாற்றி அனுப்பிவிட்டேனே என்று இருக்கிறது. படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. உனக்குத் தெரிந்தால் மறைக்காமல் எழுது.

அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்டதில் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கட்டியில் அந்த மரபணு அவ்வளவு விழித்திருந்தது, மருந்தும் அவனுக்குப் பிடித்துக்கொண்டது. தொடர்ந்திருந்தால் இன்னும் சில மாதம் இருந்திருக்கலாம். அடுத்த வாரமே குழாய் உடைந்தும் போயிருக்கலாம். ஆய்வகத்தில் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். எண்களைக் காட்டுகிறார்கள். அண்ணனைப் பற்றி யாராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியும்.

அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. டாக்டர் கூப்பிட்ட அன்றே தெரியும். நவம்பரில் எனக்கு எழுதினான். நான் வந்திருந்தபோது, நீங்கள் மருந்துக் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். காதை அவன் வாயருகே வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. "அவ சொன்னது நல்லதாப் போச்சு. இல்லேன்னா ஒரு நாள் அவ மடியில ரத்தமாக் கக்கிட்டுப் போயிருப்பேன். அதைப் பார்த்துட்டு அவ மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவா? எனக்குத்தான் அப்ப புத்தி இல்லை" என்றான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "இதை அவகிட்ட சொல்லிடாத. என்னை ஏமாத்திட்டதா நினைச்சுக்கிட்டு எவ்வளவு ஆசையா பார்த்துக்கிறா பாரு" என்றான். சிரித்தான். நீங்கள் திரும்பி வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டீர்கள். நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

டாக்டரிடம் சொல்லாதே என்று கேட்டான், சொன்னேன். உங்களிடம் சொல்லாதே என்றான், அதையும் சொல்லிவிட்டேன். அவன் பேச்சை மீறுவதற்கென்றே பிறந்த தங்கை நான்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள், அண்ணி. அவன் ஏமாந்து போகவில்லை.

சுண்டு